பேணிக்கு நாலு கை வேண்டும்

இந்தத் தீபாவளிக்குச் சங்கத்தின் இனிப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பெட்டிக்கு இன்ன விலை, வீட்டு வாசலுக்கே வந்துவிடும், யாருக்கும் சிரமமில்லை. கணக்கு சரிதான். ஆனால் என் அபிப்பிராயம் வேறு. மற்ற பட்சணங்களை வாங்கிக்கொள்வோம். பேணி ஒன்றையாவது நாமே கூடிச் செய்வோம் என்கிறேன்.

ஏன் பேணி? மைசூர்பாகை ஒருவரே கிளறி இறக்கிவிடலாம். பேணிக்கு அது நடக்காது. மைதாவை ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் நெய்யும் விட்டுத் தளரப் பிசைந்து ஊறவைக்க வேண்டும். கண்ணாடி மாதிரி மெல்லியதாக ஐந்தாறு அப்பளம் இட வேண்டும். இன்னொருவர் நெய்யையும் அரிசிமாவையும் வெண்ணெய் போல நுரைக்கத் தேய்த்து வைத்திருக்க வேண்டும். அதை ஒவ்வொன்றின் மேலும் தடவி அடுக்கி, இறுக்கிச் சுருட்டி, துண்டு போட்டு, லேசாக இட்டு, நிதானமான சூட்டில் பொரிக்க வேண்டும். கரண்டியால் மேலே எண்ணெயை வாரி விட விட இதழ் இதழாக விரியும். அதன்மேல் பொடித்த சர்க்கரையும் பாதாம் தூளும்; இலையில் போட்டபின் சூடான பாதாம் பால். இட ஒருவர், தடவ ஒருவர், சுருட்ட ஒருவர், அடுப்பில் ஒருவர்.

நான் ரயில்வேயில் காலம் கழித்தவன். பழைய வாகன்களின் லீஃப் ஸ்பிரிங்கில் தகடுகளுக்கு நடுவே கிரீஸ் இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பேணியில் நெய்க்கும் அதே உத்தியோகம். அடுக்குகளை ஒட்டவிடாமல் அது பிரித்து வைக்க, மாவிலுள்ள நீர் ஆவியாகி அவற்றைத் தூக்குகிறது. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே சிவந்துவிடும், உள்ளே பச்சை மாவு.

இந்த அடுக்கு வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை. பூரி ஜகந்நாதர் பிரசாதமான காஜா இதே இனம். பீகாரின் சிலாவ் ஊர்க் காஜா 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. துருக்கியர் மெல்லிய தாள் போன்ற மாவடுக்கில் பிஸ்தாவோ வால்நட்டோ பொடித்துப் பரப்பி பக்லவா செய்கிறார்கள். காசியான்டெப் நகரத்துப் பக்லவாவுக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. ஆட்டோமன் சுல்தான்களின் காலத்தில் ரமலான் மாதம் பாதியில், ஜானிசரிப் படையில் பத்து வீரருக்கு ஒரு தட்டு என்று அரண்மனையிலிருந்து பக்லவா ஊர்வலமாகப் போகுமாம். 1826-இல் அந்தப் படையையே கலைத்துவிட்டார்கள், பக்லவா பிழைத்துக்கொண்டது.

அது இருக்கட்டும், நம் ஊருக்கு வருவோம். 1902-இல் தொடங்கப்பட்டு, இன்று நியூ மார்க்கெட்டில் இருக்கும் நஹூம் கடையை எல்லோருக்கும் தெரியும். பாக்தாத் யூதர் ஒருவர் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே கேக்குக்கு நிற்கும் வரிசை பிரசித்தம். அவர்களுடைய சீஸ் சமோசாவை நாமும் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கில் இங்கிருந்த அந்தச் சமூகத்தில் இன்று மிகச் சிலரே மிச்சம். கடை இருக்கிறது, அந்தப் பலகாரங்களைச் செய்த வீட்டுச் சமையலறைகள் பெரும்பாலும் இல்லை.

லேக் மார்க்கெட் பக்கம் நடக்கும்போது எனக்கு இந்த நினைவு வருகிறது. வாழை இலையும் காபிப் பொடியும் இன்றும் கிடைக்கின்றன. வாங்குகிற நாம்தான் குறைந்துகொண்டே வருகிறோம். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். இரண்டு கிழங்கள் தனியாக இருக்கிற வீட்டில் யார் பேணி இடுவார்கள்?

வங்காளிகளைப் பாருங்கள். விஜயதசமி முடிந்ததும் "பிஜயா" என்று பெரியவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். தேங்காய் நாருவும் நிம்கியும் கைக்கு வருகின்றன. அவர்களும் இப்போது கடைப் பெட்டிக்கு மாறி வருகிறார்கள்தான். ஆனாலும் பக்கத்து வீட்டம்மா தம் கையால் செய்த லவங்க லதிகாவைத் தட்டில் கொண்டுவரும்போது, பதிலுக்கு நாம் கம்பெனிப் பெட்டியை நீட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முழங்கால் வலி, நேரமில்லை, நெய் விலை என்பார்கள். இட்டுச் சுருட்டும் வேலையை மேஜையில் நின்றபடி செய்யலாம். இளைஞர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆண்களும் வரவேண்டும், மாமிகள் தலையில் மட்டும் கட்டுவதானால் இந்த யோசனையே வேண்டாம்.

மைதா, நெய், சர்க்கரை சங்கத்தின் பொறுப்பு. பலகையும் கட்டையும் அவரவர் கொண்டுவரட்டும். வீட்டுக்கு இரண்டு பொட்டலம்: ஒன்று நமக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு. பெயர்களைச் செயலாளரிடம் கொடுக்கலாம். பாதாம் தோல் உரிக்க நானும் என் வயதொத்த மூவரும் ஏற்கெனவே பெயர் கொடுத்தாயிற்று.