சேரிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது யார்?

"எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு?" வாடகைக்கு வீடு தேடிப் போகிற நம்மிடம் இன்றைக்கும் இப்படித்தான் கேட்கிறார்கள். சாதி என்னன்னு நேரா கேட்கக் கூசுகிறவர்கள் சுற்றி வளைத்து வருவார்கள். அந்தச் சிரமம்கூட இனி அவர்களுக்கு வேண்டாம். அரசாங்கமே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிவிடுகிறது.

மிகைப்படுத்தவில்லை தோழர்களே. 2018 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேச மாநில வீட்டுவசதிக் கழகத்தின் இணையதளத்தில் 1.34 லட்சம் பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சாதி, மதம் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. இன்ன சாதி, இன்ன மதம் என்று தேர்ந்தெடுத்தால், அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்க்கவும் வழி இருந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கதவே வைக்கவில்லை! 1985இல் காரம்சேட்டிலும் 1991இல் சுண்டூரிலும் தலித்துகள் வெட்டிச் சாய்க்கப்பட்ட மாநிலம் அது. அன்றைக்கு வெட்ட வந்தவனுக்குச் சேரி எங்கேன்னு தெரிந்திருந்தது, அவன் உள்ளூர்க்காரன். இப்போது வெளியூர்க்காரனுக்கும் அரசு வழிகாட்டிப் பலகை நட்டிருக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு பண்ணையாரின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நான் வெளியே சொன்னால் என் வேலைக்கு ஆபத்து. அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தாலே யார், எப்போது பார்த்தது என்று பதிவாகிவிடும். பணக்காரன் பாஸ்புக்குக்கு இத்தனை காவல். ஜார்க்கண்டில் 2017இல், ஓய்வூதியம் வாங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் அரசுத் தளத்திலேயே வெளியாகிக் கிடந்தன. பென்ஷன் வாங்குற கிழவிக்கு ரகசியம் ஒரு கேடா என்கிற திமிர்தானே இது?

"சாதியைச் சொல்ல உனக்கே வெட்கமா?"ன்னு கேக்குறாங்க. வெட்கம் எங்களுக்கு இல்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். மேடையேறி நான் தலித் என்று சொல்வது என் விடுதலை. என் ஆதார் எண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதி முச்சந்தியில் ஒட்டுவது அரசின் வன்முறை.

"அப்படின்னா சாதிக் கட்டத்தையே எடுத்துடலாமே" என்று உடனே சில முற்போக்கு நண்பர்கள் கிளம்புவார்கள். அதுவும் சூழ்ச்சிதான். கணக்கு இல்லாமல் பங்கு ஏது? எண்ணட்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவதென 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், தனிநபர் தந்த விவரத்தைப் பிறர் பார்ப்பதற்குத் தடை போடுகிறது. அந்தக் காவல் நலத்திட்டக் கணினிகளுக்கு மட்டும் ஏன் இல்லை?

இருந்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் கொடுமை. 2019இல் நாடாளுமன்றத்தில் வைத்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. 2022இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2023இல் வந்த சட்டத்தில் அப்படியொரு பட்டியலே கிடையாது. இந்தச் சட்டத்தின் கண்ணில் என் சாதியும் என் செல்போன் நம்பரும் ஒன்று! செல்போன் நம்பரை மாற்றிக்கொள்ளலாம். சாதியை?

நாம் கேட்பது சலுகை அல்ல. தகுதி உண்டா இல்லையா என்பது மட்டும் தேவைப்படுகிற அதிகாரிக்குச் சாதிப் பெயரைக் காட்டாதே. சமூகத் தணிக்கைக்குப் பயனாளி பெயரையும் தொகையையும் வெளியிடு, ஆதாரையும் கணக்கு எண்ணையும் சாதியையும் வெளியிடாதே. எங்கள் விவரத்தை எவன் திறந்து பார்த்தான் என்று பதிவு செய், நாங்கள் கேட்டால் காட்டு. கசிந்தால் எங்கள் வீட்டுக்கு எங்கள் மொழியில் கடிதம் போடு. கசியவிட்டவனைத் தண்டி. சாதியைச் சட்டத்தில் மறுபடியும் அந்தப் பட்டியலில் சேர்.

உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் விண்ணப்பம் கொடுத்தோம். எங்களைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.