மறவாத கைகள்

யாழ்ப்பாணத்தில் முதியவர் ஒருவரின் நினைவு தடுமாறத் தொடங்கினால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று கூறி அமைந்துவிடுகிறோம். அது முதுமையின் இயல்பென்பது நம்மவர் எண்ணம். அன்று, அது மூளையைப் பற்றும் நோய். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோயே அதற்குப் பெருங்காரணம்.

என் அன்னையாரையும் அந்நோய் பற்றியது. பனையோலையை வார்ந்து பெட்டியும் பாயும் இழைத்த கை அவருடையது. காயம்பட்டுவிடும் என்றஞ்சிச் சத்தகத்தையும் ஓலையையும் எடுத்து ஒளித்தவன் நானே. அதன்பின் அவர் நாள் முழுதும் சேலைத் தலைப்பை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். பல மாதங்கள் கழிந்தபின் ஒருநாள், வார்ந்த ஓலையை அவர் மடியில் வைத்தேன். என் பெயரையே மறந்திருந்தவர் பெட்டியின் அடியைப் பிழையின்றி இழைத்தார். "இதைப் பிடி, தம்பி" என்று ஓரத்தை என்னிடம் நீட்டினார்.

இதில் அற்புதம் ஒன்றுமில்லை. புதியனவற்றைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி இந்நோயில் முற்படத் தேய்கிறது. பழகிய கைத்தொழிலுக்குரிய பகுதிகள் பிந்தியே பழுதுறுகின்றன. பாட்டும் பெரும்பாலும் நெடுநாள் நிலைக்கிறது. காலையுணவை மறந்தவரும், இளமையில் விடியவிடியக் கண்ட நடிகமணி வைரமுத்துவின் மயானகாண்டப் பாட்டைத் தொடர்ந்து பாடக்கூடும்.

கலை இந்நோயைத் தீர்க்குமென்று கூறேன். ஓவியப் பயிற்சி அறிவாற்றலைக் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இன்னும் இல்லை. உரையாடலும் பாட்டும் கைவேலையும் கலந்த குழுப்பயிற்சி, நோய் முற்றாதவர்க்குச் சிறிது நன்மை தருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அச்சிறிது போதாதா? "நான் யார், சொல்லுங்கள்" என்று நாம் நடத்தும் பரீட்சையில் நாள்தோறும் தோற்பவர், ஓலையைத் தொட்டதும் நமக்கு ஆசிரியராகிறார். அமெரிக்க நாடகப் பேராசிரியை ஆன் பாஸ்ரிங் 1990களில் வகுத்த முறையும் இதுவே: நினைவைச் சோதியாது, படமொன்றைக் காட்டிக் கதை புனையச் செய்வது.

பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முற்றத்திற் தனித்திருக்கும் முதியோர் நம் ஊர்களில் எத்தனை பேர்! கைதடி முதியோர் இல்லமும் தொலைவில் இல்லை. ஆசிரிய அன்பர்கள் மாணவரை அவர்களிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். தொண்டு செய்பவராக அன்று. பெட்டி இழைக்கவும், கோலமிடவும், கூத்துப் பாட்டுக் கேட்டெழுதவும் வந்த மாணவராகவே செல்லட்டும். சத்தகம் வேண்டாம், ஓலையை வார்ந்தே கொண்டு போகலாம். நான் அதனை அறியப் பல மாதங்கள் வீணாயின.