வில்வண்டியைப் பாரவண்டி ஆக்காதீங்க

போன வாரம் சென்னையில் இருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். தாத்தா வைத்திருந்த அம்பாசிடரை விற்க மனசு வராமல், திரும்ப ஓட வைக்கப் பார்க்கிறார். இன்ஜின் வேலை முடிந்துவிட்டது, பெயின்ட்டும் அடித்தாச்சு. ஆனால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்தே இருக்கிறதாம். பின்சீட்டில் ரெண்டு பேர் ஏறினால், பள்ளத்தில் விழும்போதெல்லாம் 'டங்'குனு அடிக்கிறதாம்.

"மெக்கானிக் சைடுக்கு ஒரு பட்டா சேர்த்துப் போட்டா தூக்கிடும்ங்கறார். நீங்களும் அம்பாசிடர் வெச்சிருக்கீங்களே, போட்டுடலாமா?" என்று கேட்டார்.

போடாதீங்க என்றேன். ஏன் என்று போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விவசாயி பட்டா என்று எழுதினால் நிலப் பட்டா என்று நினைத்துவிடப் போகிறீர்கள். இது லீஃப் ஸ்பிரிங். நீளமான எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் பின் ஆக்சிலோடு இறுக்கியிருப்பார்கள். இருப்பதிலேயே நீளமானது மெயின் பட்டா. அதன் ரெண்டு முனையும் சுருட்டி, கண் மாதிரி இருக்கும். ஒரு கண் வண்டியின் அடிப்பாகத்தில் நேராக மாட்டியிருக்கும். இன்னொன்று ஷேக்கிள் என்கிற, ஊஞ்சல் மாதிரி ஆடும் இணைப்பில் இருக்கும். சுமை ஏறினால் வளைந்த பட்டா நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது ஷேக்கிள்தான். 1957-ல் வர ஆரம்பித்து 2014-ல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும் வரைக்கும் அம்பாசிடருக்குப் பின்னால் இந்த ஏற்பாடுதான்.

எங்க ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மாட்டு வண்டியிலேயே ரெண்டு ரகம் பார்த்தவர்கள் அவர்கள். மூட்டை ஏற்றுகிற பாரவண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. ஆள் போக வர இருப்பது வில்வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வில் மாதிரி வளைந்த பட்டா இருக்கும், பேரே அதனால் வந்ததுதான். வில்வண்டியில் நெல் மூட்டை ஏற்றினால் எங்க தாத்தா திட்டுவார். அந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போய்விட்டது.

எங்க வண்டி அப்பா வாங்கினது. அவர் காலத்துக்குப் பிறகு நான் அதில் புண்ணாக்கு மூட்டை ஏற்றினேன், உர மூட்டை ஏற்றினேன், வாழைத்தாரைக்கூட டிக்கியில் அடுக்கினேன். டெம்போ வாடகை மிச்சம் என்ற கணக்கு. ரெண்டு மூணு வருஷத்தில் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. ராத்திரியில் லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு மேலே போய் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பட்டறைக்குப் போய் சைடுக்கு ரெண்டு பட்டா சேர்க்கச் சொன்னேன். "காரு விறைச்சுக்குமுங்க" என்று பட்டறைக்காரர் சொன்னார். பரவாயில்லை, போடுங்க என்றேன். வண்டி நன்றாகவே தூக்கிக்கொண்டது. மூட்டை ஏற்றினாலும் அசையவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன். முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்தது இந்தக் காரில்தான். ஆஸ்பத்திரியில் இருந்து கோபி வருவதற்குள் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினாலும் பின்சீட்டு தூக்கிப் போடுகிறது. அம்மா சத்தம் போடவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், "இது நம்ம காருதானா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பட்டறையில் உட்கார்ந்து விஷயத்தைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உயரம் வேறு, விறைப்பு வேறு. தொய்ந்துபோன பட்டா இழந்தது வளைவை. கனம் குறையாமல், விரிசல் விடாமல் இருந்தால் அதன் விறைப்பு அப்படியேதான் இருக்கும். ஒரு பட்டா சேர்க்கும்போது நாம் போன வளைவைத் திருப்பிக் கொடுப்பதில்லை, விறைப்பைக் கூட்டி அந்தக் குறையை மறைக்கிறோம். அதனால்தான் காலியாகப் போகும்போது வண்டி எகிறுகிறது. ஈர ரோட்டில் மேடுபள்ளம் வந்தால் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், பிடிமானமும் குறையும். சுமை தாங்குகிற மாதிரி தெரிந்தாலும் டயர், ஆக்சில், பிரேக் எல்லாம் பழையதுதானே? அவற்றுக்கு நாம் ஒன்றும் சேர்க்கவில்லையே!

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, நாலு டயரிலும் சரியான காற்று வைத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடியுங்கள். நான் எங்க நெல் காயப்போடும் களத்தில் வைத்து அளந்தேன். ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் தாழ்ந்திருந்தால் அடுக்கில் ஏதோ ஒரு பட்டா உடைந்திருக்கலாம், அல்லது ஷேக்கிள் புஷ் தேய்ந்திருக்கலாம். முன் கண்ணில் இருந்து ஆக்சில் வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கும், வண்டி கோணலாக ஓடும். ஷாக் அப்சார்பரை மாற்றினால் வண்டி தூக்கும் என்று நினைத்துச் செலவு செய்யாதீர்கள். சாதாரண ஆயில் ஷாக் அப்சார்பர் ஆட்டத்தைத்தான் அடக்கும், எடையைத் தாங்குவது பட்டாதான்.

அடுத்து, கட்டை இறக்கிப் பிரித்து, ஒவ்வொரு பட்டாவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் பெரும்பாலும் நடு ஓட்டையைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். விரிசல் விட்ட பட்டா பழைய இரும்புக்குத்தான். துரு தின்று மெலிந்ததும் அப்படியே. கனத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கு மேலே போய்விடும். அதற்கு வளைவு ஏற்றிப் பிரயோஜனம் இல்லை.

பட்டா நல்லதாக இருந்தால் வளைவு ஏற்றலாம். அனுபவம் உள்ள ஸ்பிரிங் பட்டறையில் நெருப்பில் வைக்காமல், ஒவ்வொன்றாக அடித்தோ அழுத்தியோ பழைய வளைவுக்குக் கொண்டுவருவார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், இது புதுசு மாதிரி உழைக்காது. ஏற்கெனவே ஒருமுறை தொய்ந்தது, காலப்போக்கில் கொஞ்சம் மறுபடியும் தொய்யும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற காருக்கு அது தாராளம்.

நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எங்க ஊரில் லாரிப் பட்டாவில்தான் அரிவாள் அடிப்பார்கள். காய்ச்சி அடித்த பிறகு துவைச்சல் ஏற்றவில்லை என்றால், அந்த அரிவாள் கருவேலங் குச்சியைக்கூட வெட்டாது என்று எந்தக் கொல்லரும் சொல்வார். பட்டாவும் அதே கதைதான். ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சூடேற்றி, எண்ணெயில் முக்கி, மறுபடி 450, 500 டிகிரியில் வைத்துப் பதம் பண்ணினால்தான் அது ஸ்பிரிங். அதற்கான உலை இருக்கிற இடத்தில் செய்தால் சரி. ரோட்டோரம் காய்ச்சி வளைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். சில வாரத்தில் மறுபடி உட்காரும், இல்லை என்றால் உடையும்.

புதுக் கட்டு போடுவதாக இருந்தால் ரெண்டு பக்கமும் சேர்த்துப் போடுங்கள். நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரித் தொழில் நடக்கிற ஊர்களில் விசாரியுங்கள், பழைய கட்டை மாதிரிக்குக் கொண்டுபோனால் வேலை சுலபம். எண்ணிக்கை, கனம், வளைவு மூன்றும் கம்பெனி அளவில் இருக்கட்டும். யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் எல்லாம் புதுசு போடுங்கள். ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டை, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை இன்னொரு தரம் இறுக்குங்கள், பட்டா அடுக்கு கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

"மூட்டை ஏத்த வேண்டியிருக்கே, நாங்க என்ன பண்றது?" என்று எங்க ஊர்க்காரர்களே என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நானும் வாடகையை மிச்சம் பிடித்தவன்தானே. ஆனால் பட்டா சேர்த்த செலவு, பிறகு கழற்றின செலவு, நடுவில் தேய்ந்த டயர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். குட்டியானையைக் கூப்பிட்டு மூட்டை அனுப்பியிருந்தால் காசு மிச்சமாகியிருக்கும். அம்மாவின் அந்தப் பயணத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எங்க வண்டியில் சேர்த்த ரெண்டு பட்டாவையும் எடுத்தாச்சு. மெயின் பட்டாவில் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் விரிசல் இருந்தது, ரெண்டு பக்கமும் புதுசு போட்டோம். மீதிக்கு வளைவு ஏற்றினோம். முன்பு இருந்ததைவிட வண்டி கொஞ்சம் தாழ்வாகத்தான் நிற்கிறது, நிற்க வேண்டிய உயரமே அதுதான். மூட்டை எதுவும் இப்போது அதில் ஏறுவதில்லை.

செக்கப்புக்குக் கோயம்புத்தூர் போகும்போது அம்மா பின்சீட்டில் அன்னூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறார்.