அந்த சிப்ஸ் எல்லாம் எங்க போச்சு?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மெல்பர்ன் சிட்டியில் நடந்த போக்கர் டோர்னமென்ட்டில் 150 டாலர் கட்டி உட்கார்ந்தேன். நூத்துச் சொச்சம் பேர். முதல் 12 பேருக்குத்தான் பரிசுப் பணம். ஒன்பது மணி நேரம் ஆடி, நான் 14வது ஆளாக எழுந்தேன். ரயிலில் கிளேட்டன் வந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதே, எப்படித் தோற்றேன் என்ற கதையை மனசுக்குள் தயார் பண்ணிவிட்டேன்.

கதை இதுதான். (ஆடாதவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி வைப்பார்கள், ஐந்து சீட்டு பொதுவாக நடுவில் விரியும்.) கட்டாயமாகப் போடும் பிளைண்ட் 2,000-மும் 4,000-மும். என்னிடம் இருந்தது 48,000 சிப்ஸ். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் 9,000 போட்டான். என் கையில் ஏஸ்-கிங். ஆல்-இன் சொன்னேன். அவன் கையில் இரண்டு ஜாக். நடுவில் ஐந்து சீட்டு விரிந்தது. ஏஸும் வரல, கிங்கும் வரல. கை குலுக்கிவிட்டு கோட்டை எடுத்தேன்.

ஞாயிறு காலை இதை மனைவியிடம் சொன்னேன். "சரி, விடுங்க, பேட் லக்" என்றாள். அப்புறம் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு போன். அவர் அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. 304 ஆடியே வளர்ந்தவர். அந்த ஆட்டத்தில் ஜாக்தான் பெரிசு, 30 புள்ளி. ஏஸுக்கு 11, கிங்குக்கு வெறும் 3. "எங்கட ஆட்டத்தில உம்மட ஏஸ்-கிங்குக்குப் பதினாலுதான். ரெண்டு ஜாக்குக்கு அறுபது. பிறகு ஏன் உள்ள போனனீர்?" என்று சிரித்தார்.

சிரிப்பு முடிந்ததும் நிஜமான சண்டை. இரண்டு ஜாக்கை ஏஸ்-கிங் ஜெயிப்பது நூற்றுக்கு 43 தடவைதான் என்பது அவர் வாதம். நான் பேப்பரை எடுத்தேன். அவன் ஃபோல்ட் பண்ணினால் நடுவில் இருக்கும் 15,000 சும்மா எனக்கு. கால் பண்ணினால் மொத்தம் 1,02,000. அதில் 43 சதவீதம் 44,000-க்குக் கொஞ்சம் குறைவு. நான் வைத்தது 48,000. ஆக நாலாயிரத்துச் சொச்சம் நஷ்டம். கணக்குப் போட்டால் அவன் நூற்றுக்கு 22 தடவை ஃபோல்ட் பண்ணினாலே எனக்கு நஷ்டமில்லை. ஏஸ்-குயினோடு அவன் கால் பண்ணினால் இன்னும் நல்லது. "அவனிட்ட சிப்ஸ் மலை மாதிரிக் கிடக்கு, அவன் ஏன் ஃபோல்ட் பண்ணப்போறான்? ரெண்டு பேர் உம்மைவிடக் குறைவா வச்சிருந்தவை. அவை போகும்வரைக்கும் பொறுத்திருந்தா காசு கையில!" இதில் நியாயம் இருக்கிறது. பரிசு வாசலில் போகிற சிப்ஸின் மதிப்பு, வருகிற சிப்ஸின் மதிப்பைவிட ஜாஸ்தி. இருந்தாலும் அந்தக் கை நாளைக்கு வந்தாலும் ஆல்-இன்தான் சொல்வேன்.

அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. திருச்சியில் இருந்து வீடியோ காலில், "சீட்டாட்டமா? ரம்மியில காச விட்டுட்டு எத்தன பேரு செத்துப் போனான், பேப்பர்ல படிக்கலையா?" என்றார். ரம்மி திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட் 1967-லேயே சொன்னது, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட் சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவிடம் எடுத்துவிடவில்லை. 150 டாலர் போனால் எழுந்துவிடுவேன், மறுபடி பாக்கெட்டில் கை வைக்க மாட்டேன் என்றேன். "எல்லாரும் அப்படித்தாண்டா ஆரம்பிப்பான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதையெல்லாம் டைனிங் டேபிளில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் மகள். பத்து வயசு. "அப்பா, எய்ட் ஓ'க்ளாக் ஒரு ஃபோட்டோ அனுப்புனீங்களே. ஹண்ட்ரட் அண்ட் ஃபைவ் தவுசண்ட்னு. லாஸ்ட்ல ஃபார்ட்டி எய்ட்தான்னு சொல்றீங்க. அந்த சிப்ஸ் எல்லாம் எங்க போச்சு?"

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அந்த ஃபோட்டோ எடுத்த பத்தாவது நிமிஷம் எனக்கு இரண்டு குயின் வந்தது. ஒருவர் 7,000 போட்டார். 20,000 என்று ரெய்ஸ் பண்ண வேண்டிய கை அது. நான் தந்திரமாக ஆடுவதாக நினைத்துக்கொண்டு வெறும் கால் பண்ணினேன். பிக் பிளைண்டில் இருந்த பெரியவரும் மலிவாக இருக்கே என்று உள்ளே வந்தார். ஃப்ளாப்: கிங், 8, 5. பெரியவர் 10,000 போட்டார், கால். அடுத்த சீட்டுக்கு 20,000 போட்டார், அதற்கும் கால். கடைசிச் சீட்டில் இன்னும் பெரிசாகப் போட்டார், அப்போதுதான் ஃபோல்ட் பண்ணினேன். அவர் காட்டினார்: கிங்கும் 7-உம். 37,000 போச்சு. மிச்சமிருந்த 68,000-ஐ பிளைண்ட் கரைத்தது.

இதை மனைவியிடம் சொல்லவில்லை, நண்பரிடமும் சொல்லவில்லை. ஏஸ்-கிங்கில் தோற்றால் ஆறுதல் கிடைக்கும். பயந்து பயந்து மூணு தடவை கால் பண்ணினவனுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்? ஆபீஸிலும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை சர்வர் விழுந்தால் அன்றைய மாற்றத்தைத்தான் எல்லாரும் நோண்டுவோம். பிழை மூணு வாரம் முன்னால் நானே சரி பார்த்து அனுப்பியதாக இருக்கும்.

ஜெயித்தவர்களுக்கும் கடைசிக் கைதான் நிற்கிறது. 2005-இல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 5,619 பேரில் முதலாவதாக வந்து 75 லட்சம் அமெரிக்க டாலர் ஜெயித்த ஜோ ஹாஷெம் நம்ம மெல்பர்ன்காரர், லெபனானில் பிறந்தவர், அதற்கு முன் கைரோபிராக்டர். கடைசியில் அவர் கையில் இருந்தது 7-உம் 3-உம். ஃப்ளாப்பில் 4, 5, 6 விழுந்தது. இங்கே மேஜைகளில் இன்றைக்கும் பேசுவது அந்த 7-3 பற்றித்தான். ஒரு வாரத்துக்கு மேல் அவர் எதை எதை ஃபோல்ட் பண்ணினார் என்று யாரும் கேட்பதில்லை.

மகளிடம் குயின் கதையைச் சொன்னேன். போன டெர்மில் அவள் மேத்ஸ் காம்பெடிஷன் பேப்பரோடு வந்தபோது நான் கேட்டது மார்க் மட்டும்தான் என்பது நடுவில் ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். சொல்லவில்லை.

"ஷோ மீ" என்றாள். கொண்டைக்கடலை டப்பாவை எடுத்தோம். ஒரு கடலை ஆயிரம். எனக்கு இரண்டு குயின், பெரியவராக அவள், கையில் கிங்கும் 7-உம். இந்தத் தடவை சரியாக 20 கடலையை நடுவில் தள்ளினேன். "இப்ப பாரு. இவ்வளவு விலைன்னா அவர் ஃபோல்ட் பண்ணியிருப்பார்" என்றேன்.

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடலையை எண்ண ஆரம்பித்தாள்.

"கால். எனக்கு கிங் பிடிக்கும்."