புழுவைப் பார்க்க டிக்கெட் உண்டா?



லீவு விட்டால் போதும், "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்று வீட்டில் ஒரே நச்சரிப்புதானே? என் அக்கா வீட்டிலும் அப்படித்தான். மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து படுத்திய பாட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இருந்து வேன் பிடித்துக் கிளம்பிவிட்டோம். எங்கே தெரியுமா? திருச்சி வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு!

பூங்கா இருக்கும் ஊர் மேலூர் என்று பையனிடம் சொல்லி வைத்திருந்தேன். அது தப்பாகப் போய்விட்டது. வேன் நம்ம மேலூரைத் தொட்டதுமே, "ஊர் வந்தாச்சு, இறக்கி விடுங்க" என்று குதிக்க ஆரம்பித்துவிட்டான். "டேய், இது மதுரை மேலூர். நாம போறது ஸ்ரீரங்கத்துப் பக்கத்துல இருக்கிற மேலூர். இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும்" என்றதும் முகம் தொங்கிப் போச்சு. துவரங்குறிச்சி தாண்டும் வரை என்னோடு 'டூ'!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுமார் 25 ஏக்கரில் இருக்கிறது அந்தப் பூங்கா. 2015-ஆம் ஆண்டு திறந்தார்கள். பட்டாம்பூச்சிகளுக்குப் பிடித்த செடிகளாகப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? முதலில் ஸ்ரீரங்கம் கோயில், அப்புறம் சாப்பாடு என்று ஆற அமரப் போனதில், பூங்காவுக்குள் நுழையும்போது உச்சி வெயில். அங்கொன்று இங்கொன்றாகத்தான் பட்டாம்பூச்சிகள் பறந்தன. "இவ்வளவு தூரம் வந்தது இதுக்குத்தானா?" என்று அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தப்பு எங்கள் மேல்தான். பட்டாம்பூச்சிக்கு நம்மைப் போல உடம்புக்குள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. காலையில் சிறகை விரித்து வெயிலில் காய்ந்து, உடம்பு சூடான பிறகுதான் பறக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும்போது இலைக்கு அடியில் போய் ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். கோயிலை சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் முகங்களைப் பார்த்த தோட்டக்காரர் ஒருவர், "இங்க வாங்க" என்று கூப்பிட்டார். ஓர் எலுமிச்சைச் செடியின் இலையைக் காட்டினார். அதன் மேல் காக்கா எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு குச்சியால் லேசாகத் தொட்டார். அவ்வளவுதான், அந்த 'எச்சம்' நெளிந்தது! தலைக்குப் பின்னால் இருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டியது! குப்பென்று ஒரு வாசனை. எதிரியை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதமாம்.

"ச்சீ, புழு!" என்றான் பையன்.

"இதுதாம்பா எலுமிச்சை அழகி. கறுப்பும் மஞ்சளுமா, வால் பக்கம் சிவப்புப் பொட்டு வச்சுப் பறக்குமே, அது!" என்றார் தோட்டக்காரர். எச்சம் போல இருப்பது சின்ன வயதில்தானாம். பறவைகளை ஏமாற்றத்தான் இந்த வேஷம். வளர்ந்ததும் இலையைப் போலவே பச்சையாகிவிடும்.

அப்போதுதான் அக்கா மகள் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நம்ம வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில இருந்ததும் இதுதானே? நீங்க மருந்து அடிச்சீங்களே?"

அக்கா ஒன்றும் பேசவில்லை. அக்காவை மட்டும் சொல்வானேன்? என் வீட்டு எலுமிச்சைச் செடியில் இருந்து இதே புழுக்களைப் பொறுக்கி, சாக்கடையில் வீசியவன்தான் நானும். வாசலில் பட்டாம்பூச்சி பறந்தால் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அதன் பிள்ளை என் செடியில் சாப்பிட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். எந்த ஊர் நியாயம் இது?

பட்டாம்பூச்சிக்கு ஒரு பிடிவாதம் உண்டு, குட்டீஸ். தேன் எந்தப் பூவில் கிடைத்தாலும் குடிக்கும். ஆனால் முட்டை போட மட்டும் கண்ட செடிக்குப் போகாது. இலையில் உட்கார்ந்து காலால் ருசி பார்க்கும். ஆமாம், அதற்குக் காலில்தான் நாக்கு! 'இது என் பிள்ளை சாப்பிடும் இலைதான்' என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம். வெந்தய நிறத்தில் பறக்கிறதே வெந்தய வரியன், அதற்கு எருக்கு. அந்தப் புழு எருக்கம்பால் விஷத்தைச் சாப்பிட்டு உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால், பறவைகள் கிட்டே வராது. சிவப்பு உடம்போடு கறுப்புச் சிறகடிக்கும் அழகிக்கு ஆடுதின்னாப்பாலை. ஆடு கூடத் தின்னாத செடி, இதற்கு விருந்துச் சாப்பாடு!

இந்தச் செடிகளை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? கண்மாய்க் கரையில், காலி மனையில், வயல் வரப்பில். "சும்மா முளைச்ச களை" என்று நாம் முதலில் வெட்டுவது இவற்றைத்தான். பிறகு நர்சரியில் காசு கொடுத்து வெளிநாட்டுப் பூச்செடி வாங்கி வைத்து, "ஒரு பட்டாம்பூச்சி கூட வரலையே" என்கிறோம்.

குளிர் நாடுகளில் வேறு கதை. அங்கே பெரிய கண்ணாடி வீடு கட்டி, ஹீட்டர் போட்டு, தண்ணீரைப் பனி போலத் தூவி, உள்ளே ஒரு வெப்ப நாட்டையே உண்டாக்குகிறார்கள். அந்த வீடுகள் பலவற்றில் புழுவே கண்ணில் படாது. கோஸ்டா ரிகா, மலேசியா போன்ற நாடுகளில் இருந்து கூட்டுப்புழுக்கள் பெட்டிக்குள் பத்திரமாக விமானத்தில் வந்து இறங்கும். சூட்டுக்காக அவர்கள் கட்டுகிற கரண்ட் பில்லை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சித்திரை மாதம் மதுரைக்கு வந்தால் இலவசமாகவே தருவோமே!

நம் அரசும் 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சி ஒன்றை அறிவித்தது. 'தமிழ் மறவன்' என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூட்டமாகப் பறக்கும் அதை நம் தெருவில் பார்ப்பது கஷ்டம். எலுமிச்சை அழகியைப் பார்க்க மலை ஏற வேண்டாம்.

திரும்பி வரும்போது வேனில் ஒரே விவாதம். "சாம்பாருக்குப் போடுற இலைடா அது. புழு தின்னுட்டா நான் எதைப் போடுறது?" என்றார் அக்கா. நியாயமான கேள்விதான். விராலிமலை தாண்டும்போது ஆரம்பித்த சண்டை, கொட்டாம்பட்டி வருவதற்குள் முடிந்தது. செடியில் சுவரோரக் கிளை புழுவுக்கு, மற்ற கிளையெல்லாம் அக்காவுக்கு. கொழுந்தில் புழு தென்பட்டால், இலையோடு கிள்ளி சுவரோரக் கிளையில் விடுவது பிள்ளைகளின் வேலை. பூச்சிமருந்து கூடாது.

பத்தே நாளில் முட்டை வந்துவிட்டது. கடுகு அளவில், வெளிர் மஞ்சளாக, ஒவ்வொரு இலையில் ஒவ்வொன்றாக ஏழு முட்டைகள். பையன் காலண்டரில் தினமும் குறித்து வந்தான். ஏழில் இரண்டை எறும்பு கொண்டு போனது. மூன்றைத் தையல்சிட்டு தின்றுவிட்டது. அன்றைக்கு அவன் ராத்திரி சாப்பிடவே இல்லையாம். சிட்டுக்கும் குஞ்சு இருக்குமே என்று அக்காதான் சமாதானப்படுத்தி ஊட்டிவிட்டாராம்.

மிச்சம் இரண்டு. அதில் ஒன்று, பட்டு நூலால் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்து கூட்டுப்புழு ஆனது. இன்னொன்று எங்கே போனது என்று தெரியவில்லை.

போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு போன். "மாமா, கூடு கறுப்பாயிடுச்சு, செத்துப் போச்சா?" என்று அழுகிற குரலில் கேட்டான். "இல்லடா, கூடு மெலிசாகி உள்ள இருக்கிற சிறகு வெளியே தெரியுது. பார்த்துக்கிட்டே இரு" என்றேன்.

மறுபடியும் போன். "வந்துடுச்சு மாமா! ஆனா சிறகு ஈரமா, கசங்கித் தொங்குது. நான் நீவி விடட்டுமா?"

"தொடாதேடா! அது காயணும், நேரமாகும். நீ தொட்டா கையில பொடி ஒட்டும். அது பொடி இல்ல, சிறகுல ஓடு வேய்ஞ்ச மாதிரி இருக்கிற செதில்!"

அன்றைக்கு அவன் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது, இரண்டாவது பீரியட் மணி அடித்துக்கொண்டிருந்ததாம்.