உடல்நலப் பக்கம்: அம்மாவை இருத்தி வைக்கலாமா?



சென்ற மாரிகாலத்தில் லண்டனில் எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததை முதலில் சொல்கின்றோம். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இரவு பாத்றூமுக்குப் போக எழும்பியவர், கட்டிலடியில் கிடந்த விரிப்பின் ஓரத்தில் கால் தடக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. இடுப்பில் பெரிய கண்டல் மட்டும்தான். ஆனால் அவர் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் நொண்டுவதைக் கண்டு மகள் கேட்டபோது, "பிள்ளை, நீ வேலைக்குப் போற நேரம் உனக்கேன் கரைச்சல் எண்டு இருந்திட்டன்" என்றாராம்.

பிள்ளைகள் பயந்து போனார்கள். "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், சும்மா இருங்கோ" என்று குசினிக்குள் வரவிடவில்லை. மாடிப்படி ஏறவிடாமல் கட்டிலைக் கீழே இறக்கினார்கள். தேத்தண்ணி கைக்கு வந்தது, சாப்பாடு மடிக்கு வந்தது. நான்கு மாதத்தில் செற்றியிலிருந்து எழும்புவதற்கே ஒருவர் கை கொடுக்கவேண்டியதாயிற்று. ஐந்தாம் மாதம் மறுபடியும் விழுந்தார். இம்முறை மணிக்கட்டு முறிந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்ததை நம்மில் பலர் மறக்கமாட்டோம். அன்று மழையில், இடுப்பில் ஒரு பிள்ளையும் தலையில் ஒரு மூட்டையுமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கால்கள்தான் இந்த அம்மாவின் கால்கள். அவை எப்படி இப்படியாயின?

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. அன்பினால் செய்த காரியம் அது. ஆனால் முதியவரை இருத்தி வைத்தால் அவர் விழமாட்டார் என்ற எண்ணம் தவறு. இருக்க இருக்கக் கால் தளரும். தளர்ந்த கால்தான் விழுத்தும்.

ஊரில் செய்த உடற்பயிற்சி

ஊரில் எமது பெரியவர்கள் உடற்பயிற்சி என்று ஒன்றும் செய்யவில்லையே என்று சிலர் கேட்கலாம். காலையில் முற்றம் கூட்டினார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். திருவலையில் குந்தித் தேங்காய் துருவினார்கள். நிலத்தில் பாய் விரித்துப் படுத்து எழும்பினார்கள். கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை குந்தி எழும்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொடையும் முழங்காலும் கணுக்காலும் ஓய்வின்றி வேலை செய்தன.

இங்கு வந்தபின் அவை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டன. தண்ணீர் குழாயில் வருகிறது, தேங்காய்ப்பூ பைக்கற்றில் வருகிறது. வெளியில் குளிர். பாஷை தெரியாததால் தனியே கடைக்குப் போகவும் தயக்கம். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின் செற்றியும் தொலைக்காட்சியும்தான் துணை. வேலையில்லாத தசை வயது போகப்போக விரைவாகக் கரைந்துவிடும்.

ஏன் விழுகின்றார்கள்?

பிரித்தானியாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவரும், 80 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப்பேரும் வருடத்துக்கு ஒருமுறையாவது விழுகின்றார்கள். ஆகவே இது வெட்கப்பட வேண்டிய விடயமே அல்ல.

நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்தின் தொடு உணர்வு ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் மூளை கால் தசைகளுக்குக் கட்டளையிட்டு நிமிர்த்துகின்றது. வயது போகும்போது கண் மங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதம் விறைக்கும். கட்டளை வந்தாலும் தசையில் பலம் இராது. கால் தடக்குவது இளையவருக்கும் நடக்கும். அவர் சட்டென்று மற்றக் காலை முன்னே வைத்துத் தப்பிவிடுவார். முதியவருக்கு அந்த ஒரு அடியை வைக்கும் பலமும் வேகமும் போதாமல் போகின்றது.

ஒருமுறை விழுந்தவருக்குப் பயம் வேறு சேர்ந்துகொள்ளும். பயத்தினால் நடமாட்டம் குறையும். நடமாட்டம் குறையப் பலம் குறையும். பலம் குறைய மறுபடியும் விழுவார். இந்தச் சுற்றை எங்காவது அறுக்கவேண்டும்.

எண்பது வயதிலும் முடியுமா?

"இந்த வயதில் இனி என்ன பயிற்சி?" என்று பெரியவர்களே கேட்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 80 வயதும் அதற்கு மேலுமான 233 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 1997இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கே போய்க் கால் பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு அவை கொடுக்கப்படவில்லை. ஒரு வருட முடிவில் பயிற்சி செய்யாதவர்கள் மத்தியில் 152 முறை விழுகை நடந்திருந்தது. பயிற்சி செய்தவர்கள் மத்தியில் 88 முறைதான். இன்று பல நாடுகளில் பிசியோதெரப்பிஸ்ற்மார் இந்த ஒட்டாகோ முறையைச் சொல்லிக்கொடுக்கின்றார்கள்.

2019இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதுவே தெரிந்தது. உடற்பயிற்சியினால் விழுகைகள் ஏறக்குறைய கால்பங்கு குறைகின்றன. சமநிலைப் பயிற்சியுடன் தசைப் பலப் பயிற்சியும் சேரும்போது மூன்றிலொரு பங்குவரை குறைகின்றன.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். "நான் தினமும் பூங்காவில் நடக்கிறேன், போதும்தானே" என்பவர்கள் உண்டு. நடை இருதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, விடவேண்டாம். ஆனால் நடை மட்டும் விழுகையைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது. பலமும் சமநிலையும் தனியே பழகவேண்டியவை.

வீட்டில் செய்யக்கூடியவை

பின்வருவனவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. பாரமான, ஆடாத கதிரை ஒன்றைச் சுவரோடு அணைத்து வையுங்கள். சில்லுள்ள கதிரை வேண்டாம். காலுறையுடன் மட்டும் நின்று செய்யவேண்டாம், வழுக்கும். வெறுங்காலோ இறுக்கமான சப்பாத்தோ நல்லது. முதல் சில வாரங்களுக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

1. கதிரையிலிருந்து எழும்புதல்: கதிரையின் முன்பாதியில் இருந்து, பாதங்களைச் சற்றுப் பின்னே வைத்து, முன்னுக்குச் சாய்ந்து எழும்புங்கள். ஆறுதலாக இருங்கள். தொடக்கத்தில் கையை ஊன்றலாம். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம். கை ஊன்றாமல் எழும்புவதே எமது இலக்கு.

2. குதிக்கால் உயர்த்துதல்: குசினியில் சிங்கைப் பிடித்துக்கொண்டு குதிகளை உயர்த்தி விரல்களில் நின்று, மெதுவாக இறக்குங்கள். பத்து முறை. பின்னர் குதியில் நின்று விரல்களை உயர்த்துங்கள். அதுவும் பத்து முறை.

3. பக்கவாட்டில் கால் தூக்குதல்: சிங்கைப் பிடித்து நிமிர்ந்து நின்று, ஒரு காலைப் பக்கமாகத் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை.

4. ஒரு பாதத்துக்கு முன்னே மறு பாதம்: ஒரு பாதத்தின் குதி மற்றப் பாதத்தின் விரல்களைத் தொடும்படி வைத்துப் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். பின்னர் காலை மாற்றுங்கள். பழகியபின் அதே மாதிரிப் பத்து அடி நடந்து பாருங்கள்.

5. ஒற்றைக்காலில் நிற்றல்: பிடித்துக்கொண்டு பத்து எண்ணும்வரை. இது எல்லாவற்றையும்விடக் கடினமானது, கடைசியில் செய்யுங்கள்.

ஒட்டாகோ முறையில் பயிற்சி கிழமைக்கு மூன்று நாள், நடை இரண்டு நாள். கொஞ்சம் கடினமாக இருந்தால்தான் பயன் உண்டு. இலகுவாகிவிட்டால் முதலில் இரண்டு கையிலிருந்து ஒரு கைக்கும், பிறகு ஒரு விரலுக்கும் பிடியைக் குறையுங்கள். தொடையில் இலேசான நோ வந்தால் பயப்படவேண்டாம். நெஞ்சுநோ, தலைச்சுற்று, கடும் மூச்சு வாங்கல் வந்தால் நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். நிறுத்திவிட்டால் பலம் மறுபடியும் போய்விடும். ஆகவே இது ஒரு மாதத்து வேலையல்ல, பல் துலக்குவது போன்றது.

ஜீ.பி.யிடம் சொல்லவேண்டியவை

கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறை விழுந்திருந்தாலும், காயமில்லாவிட்டாலும், ஜீ.பி.யிடம் சொல்லுங்கள். விழுகையைத் தடுக்கும் வகுப்புக்கோ பிசியோதெரப்பிஸ்ற்றிடமோ அனுப்பும்படி கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரஷர் குளிசை, நித்திரைக் குளிசை போன்றவை சிலருக்குத் தள்ளாட்டத்தைத் தரும். நீங்களாக நிறுத்தவேண்டாம். எழும்பும்போது தலை சுற்றுகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். இரவில் எழும்பும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புவது நல்லது.

அப்பொயின்மென்ற் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லலாம். அதற்குக் காசு இல்லை. பத்து வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இரவில் எத்தனை முறை சலம் போகிறது, அவசரப்படுகிறதா என்றெல்லாம் ஆச்சி பேத்திக்கு முன்னால் சொல்லமாட்டார். விழுந்த காரணம் சிலவேளை அங்கேயும் இருக்கலாம்.

60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்.எச்.எஸ். கண் பரிசோதனை இலவசம். எமது நிறமுள்ளவர்களுக்கு இந்நாட்டு வெயிலில் விற்றமின் டி போதாது. எலும்புக்காக வருடம் முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி இங்குள்ள சுகாதாரத் துறையே ஆலோசனை கூறுகின்றது.

வீட்டுக்குள் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

இன்று இரவே கட்டிலிலிருந்து பாத்றூம் வரை நடந்து பாருங்கள். வழியில் கிடக்கும் சின்ன விரிப்புகள், வயர்கள், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை எடுத்துவிடுங்கள். சிறிய இரவு விளக்கொன்று போடுங்கள். தேய்ந்த செருப்பு, நிலத்தில் இழுபடும் சாரம், சேலைக்கரை ஆகியனவும் விழுத்தும். குளியல் தொட்டிக்குள் கால் வைத்து ஏறுவது எமது பெரியவர்களுக்குப் புதிய வேலை. அங்கே வழுக்காத றப்பர் விரிப்பும் கைப்பிடியும் வேண்டும். இங்கிலாந்தில் கவுன்சில் வந்து பார்த்துத் தேவையென்று கண்டால், 1000 பவுணுக்கு உட்பட்ட இத்தகைய சிறு மாற்றங்களை இலவசமாகச் செய்துதரும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுந்துவிட்டால்

உடனே துள்ளி எழும்பவேண்டாம். மூச்சு விட்டு, எங்கே நோகிறது என்று பாருங்கள். இடுப்போ காலோ அசைக்க முடியாவிட்டால், அல்லது தலை அடிபட்டு, இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவராக இருந்தால், 999ஐ அழையுங்கள். உதவி வரும்வரை எட்டியதை இழுத்துப் போர்த்துக்கொள்ளுங்கள்.

நோவில்லையென்றால் பக்கமாகப் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து, ஒரு கதிரையை அடையுங்கள். இருக்கையில் கைகளை ஊன்றி, பலமான காலை முன்னே வைத்து எழும்பித் திரும்பி இருங்கள். பாயில் படுத்து எழும்பிய எமது பெரியவர்களுக்கு இது மறந்துபோன பாடம்தான். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது ஒத்திகை பார்த்துவையுங்கள். வீட்டு விலாசத்தையும் தொலைபேசி இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, அவற்றை ஆங்கிலத்தில் சொல்லவும் அம்மாவுக்குப் பழக்குங்கள்.

ஒரு யோசனை

சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலை வகுப்பில் இருக்க, அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் நடைபாதைக் கதிரைகளில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பதை நாம் காண்கின்றோம். அந்தக் கதிரைகளிலேயே இருபது நிமிடம் சேர்ந்து எழும்பி இருந்தால் என்ன? பாடசாலை நிர்வாகத்தினர் இதைக் கவனத்தில் எடுப்பார்களென நம்புகின்றோம். தனியே செய்வது அலுக்கும். நாலு பேர் சேர்ந்தால் ஊர்க்கதையும் நடக்கும், காலும் பழகும்.

முதலில் சொன்ன அம்மாவின் கதையையும் முடித்துவிடுகின்றோம். மணிக்கட்டு சுகமானபின் வீட்டுக்கு வந்த பிசியோதெரப்பிஸ்ற் இத்தகைய பயிற்சிகளைத்தான் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "அவரால் செய்யக்கூடியதை நீங்கள் செய்துகொடுக்காதீர்கள்." இப்போதும் வெளியில் போகும்போது கையில் பொல்லு உண்டு. ஆனால் முந்தநாள் நாம் அவ்வீட்டுக்குப் போனபோது, "தம்பி, இருங்கோ" என்று எம்மை இருத்திவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தவர் அந்த அம்மாதான்.

அடுத்த இதழில் நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களைப் பேணும் முறை பற்றிப் பார்ப்போம்.