பெண் விஷமா? கட்டு விஷமா?

"பெண்ணுக்குச் சுதந்திரம் கொடுத்தால் புருஷனுக்கு விஷம் வைப்பாள்" என்று உபந்நியாசம் செய்யும் வைதீகர்கள் இன்னும் ஒழிந்தபாடில்லை. பல கொலைகள் செய்த பெண்கள் சரித்திரத்தில் இல்லாமலில்லை. அவற்றில் ஒரு சங்கதியையே எடுத்துப் பரிசோதித்துப் பார்ப்போம்.

ஹங்கேரி தேசத்தில் திஸா நதிக்கரையில் நாகிரேவ் என்றொரு கிராமம். 1914-ல் தொடங்கிய ஐரோப்பிய மகாயுத்த காலந்தொட்டு 1929 வரை அங்கும் சுற்றுப்புறத்திலும் டஜன் கணக்கானவர்கள் பாஷாணத்தால் மாண்டார்கள். வைத்தவர்கள் குடும்பப் பெண்கள். வழிகாட்டியவள் ஊர் மருத்துவச்சி. ஈக்கொல்லிக் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, இறங்கிய விஷத்தை ஆகாரத்தில் கலந்தார்கள். பாஷாணத்துக்கு ருசியுமில்லை, வாடையுமில்லை. வாந்தியும் பேதியும் கண்டு சாவதால் வியாதியென்றே எண்ணப்பட்டது.

இவர்கள் சுதந்திரம் பெற்ற பெண்களா என்று கேட்கிறோம். பெற்றோர் பார்த்த மாப்பிள்ளைக்கே கழுத்தை நீட்ட வேண்டும். அவன் குடித்துவிட்டு அடித்தாலும் சகித்துக் கிடக்க வேண்டும். 1894-ம் வருஷத்துச் சட்டத்தில் விவாகரத்துக்கு இடமிருந்தும், ஊரார் வாய் அதற்கு இடங்கொடுக்கவில்லை. வாசற்கதவை அடைத்துவிட்டு, சுவரில் கன்னம் வைத்தாளே என்று கூச்சலிடுவது என்ன யோக்கியதை?

இதனால் கொலையை நாம் ஆதரிப்பதாக யாரும் திரித்துக் கூற வேண்டியதில்லை. செத்தவர்களில் கொடிய புருஷர்கள் மட்டுமல்ல, கிழப் பெற்றோரும் குழந்தைகளும் உண்டு. கொலை கொலைதான். அடிமைத்தனம் யாரையும் உத்தமியாக்குவதில்லை. நெஞ்சின் ஈரத்தை வற்றடிக்கிறது என்பதற்கே இது அத்தாட்சி.

அப்போது சர்வமும் அறிந்த கடவுள் எங்கே போயிருந்தார்? அவர் கோயிலும் அங்கே இருந்தது, பாதிரியும் இருந்தார், ஜெபத்தோடு பிணங்கள் புதைக்கப்பட்டன. குற்றத்தை ருஜுப்படுத்தியதோ ரசாயன சாஸ்திரம்! 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற இங்கிலீஷ்காரர் தம் பரிசோதனையை வெளியிட்ட பின், பாஷாணம் பிணத்துக்குள்ளும் ஒளிய முடியாமற் போயிற்று. 1929-ல் குழிகளைத் தோண்டினார்கள். வருஷக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த உடல்கள் சாட்சி சொல்லின. மருத்துவச்சி தானே விஷந்தின்று மாண்டாள். சோல்நோக் பட்டணக் கோர்ட்டில் விசாரணை நடந்து, சிலர் தூக்கிலிடப்பட்டார்கள்.

தூக்குக்கயிறு கொலைகாரிகளைத் தண்டித்தது. ஆனால் அவர்களை உண்டாக்கிய கட்டுப்பாட்டை யார் தண்டித்தார்கள்?

தோழர்களே! பெண்ணுக்குப் படிப்பு வேண்டும், சொத்து வேண்டும், ஒவ்வாத புருஷனைவிட்டு விலக உரிமை வேண்டும். அந்த உரிமை சட்டப் புஸ்தகத்தில் மட்டும் இருந்தால் என்னாகுமென்பதை நாகிரேவ் காட்டிவிட்டது. அடிபட்டு வந்த மகளை "ஊர் சிரிக்கும்" என்று திருப்பியனுப்பும் தகப்பன் எவனோ, அவனே விஷத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் என்போம்.